ரத்தம் வரும் இடம்

"இந்தப் பக்கம் தேய்ச்சா ரத்தம் வருதுக்கா. அதனால இந்தப் பக்கத்தை மட்டும் விட்டுடுவேன்."

அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து கட்டுமான வேலைக்கு வந்த தம்பி அவர். முப்பத்து நான்கு வயது. ஞாயிற்றுக்கிழமை, சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா. சிராங்கூன் சாலையில் நடக்க இடமில்லாமல் ஆட்கள் நிற்கும் நேரம். ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டு, தேக்காவில் சாப்பிட்டுவிட்டு, நண்பர் ஒருவர் இழுத்துக்கொண்டு வந்ததால் எங்கள் தன்னார்வப் பல் பரிசோதனைக்கு வந்திருந்தார். வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்பே அவருடைய நோயின் முழுக் கதையையும் அந்த இரண்டு வரிகளில் சொல்லிவிட்டார்.

வாய்நலச் சிகிச்சையாளராகப் பயிற்சி பெற்ற நாளிலிருந்து இந்த வாக்கியத்தை நான் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். வங்கி அதிகாரி சொல்லியிருக்கிறார், தமிழாசிரியை சொல்லியிருக்கிறார், என் சொந்தச் சித்தியும் சொல்லியிருக்கிறார். கையில் புண் இருந்தால் அதைத் தேய்க்காமல் விடுவதுதான் அறிவு. அதே அறிவைத்தான் வாய்க்கும் பொருத்திப் பார்க்கிறார்கள். ஈற்றில் மட்டும் அது தலைகீழாகிவிடுகிறது. அங்கே பிரஷ் புண்ணை உண்டாக்கவில்லை. ஏற்கெனவே இருந்த புண்ணைத் தொட்டது, அவ்வளவுதான். தொடாமல் விட்டால் அது ஆறாது, ஆழமாகும்.

பல்லும் ஈறும் சந்திக்கும் விளிம்பில் ஒரு சிறிய பள்ளம் உண்டு. ஆரோக்கியமான வாயில் அதன் ஆழம் 1 முதல் 3 மி.மீ. வரை. பல் தேய்த்த சில மணி நேரத்துக்குள் அந்த விளிம்பில் நுண்ணுயிர்கள் மறுபடி ஒட்டத் தொடங்குகின்றன. ஒன்றின் மேல் ஒன்றாகக் குடியேறி, தங்களைச் சுற்றி ஒரு பசையைச் சுரந்து, படலமாகின்றன. நாக்கால் தடவினால் கொழகொழவென்று தெரியுமே, அதுதான். உடல் இந்தப் படலத்தைச் சும்மா விடுவதில்லை. ரத்தக் குழாய்களை விரித்து வெள்ளணுக்களை அனுப்புகிறது. ஈறு சிவக்கிறது, உப்புகிறது, பள்ளத்தின் உள்தோல் மெலிந்து ஆங்காங்கே கிழிகிறது. அந்த நிலையில் பிரஷ்ஷின் ஒரு நார் பட்டாலே போதும், ரத்தம் கசிகிறது. அப்படியானால் ரத்தம் வரும் இடம் என்பது படலம் நெடுநாள் கலைக்கப்படாத இடம். அதிகம் தேய்க்க வேண்டிய இடமும் அதுதான்.

இதை நிரூபித்த சோதனை 1965இல் வெளியானது. டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் ஹரால்டு லோ என்ற நார்வே நாட்டுப் பல் மருத்துவ அறிஞரும் அவருடைய சகாக்களும் ஈறு நன்றாக இருந்த 12 பேரைப் பல் தேய்ப்பதை அடியோடு நிறுத்தச் சொன்னார்கள். 10 முதல் 21 நாளைக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீங்கியது. பிறகு மறுபடி தேய்க்கச் சொன்னார்கள். ஏறத்தாழ ஒரு வாரத்தில் எல்லாருக்கும் ஈறு பழைய நிலைக்குத் திரும்பியது. உடல் சூடு, பரம்பரைப் பலவீனம், வயது என்று ஈறு வீக்கத்துக்கு அதுவரை சொல்லப்பட்ட காரணங்களுக்கு நடுவே, படலம்தான் காரணம் என்று அந்தச் சில வாரங்கள் காட்டிவிட்டன. நோய் வருவதையும் போவதையும் ஒரே ஆளிடம் பார்க்க முடிந்ததால், அதன் மேல் சந்தேகம் எழ இடமில்லாமல் போனது.

ஆனால் இது முதல் கட்டம் மட்டும்தான். இந்த வீக்கம் முழுதாக மீளக்கூடியது. பல ஆண்டுகள் கவனிக்காமல் விட்டால் சிலருக்கு அது பல்லைத் தாங்கும் நார்களுக்கும் எலும்புக்கும் இறங்குகிறது. பள்ளம் ஆழமாகிப் பையாகிறது. பையின் அடியில் காற்று புகாததால், ஆக்சிஜன் இல்லாமல் வாழும் போர்பிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் போன்ற கிருமிகளுக்கு அது வசதியான வீடு. எலும்பைக் கிருமி தின்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் எலும்பைக் கரைப்பது நம் உடலின் செல்கள்தான். தொற்று நெருங்க நெருங்க எலும்பை அதனிடமிருந்து பின்வாங்கச் செய்கிறது உடல். அப்படிக் காப்பாற்றப் போய்ப் பல்லின் பிடிமானத்தை இழந்துவிடுகிறது. இதில் பெரும்பாலும் வலி கிடையாது. சொத்தைப் பல் இரவில் எழுப்பிவிடும். ஈறு நோய் ரத்தக் கசிவைத் தவிர, கடைவாய்ப் பல் ஆடும் வரை எதுவும் சொல்லாது. உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி, கடுமையான ஈறு நோய் உள்ளவர்கள் 100 கோடிக்கு மேல்.

எல்லாருக்கும் அது எலும்புக்கு இறங்குமா? இந்தக் கேள்விக்கு உலகம் விடை கற்றது தமிழர்களின் வாய்களிலிருந்து. நான் பயிற்றுவிக்கும் மாணவிகளில் பலருக்கு இது தெரியாது. தெரிய வேண்டும் என்று எனக்குத் தீராத ஆசை.

அதே ஹரால்டு லோ 1970இல் இலங்கை மலையகத்துக்குப் போனார். டன்சினன், ஹெரோ என்ற இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களைச் சோதித்தார். வயது 14க்கும் 31க்கும் இடையில். திடகாத்திரமான இளைஞர்கள். நாம் அறிந்த முறையில் பல் சுத்தம் செய்யும் வழக்கம் அவர்களிடம் இல்லை, பல் மருத்துவமும் எட்டவில்லை. எல்லார் பல்லிலும் படலமும் அது இறுகி உண்டான காரையும் இருந்தன, எல்லார் ஈறும் வீங்கியிருந்தது. சொத்தை மட்டும் அநேகமாக இல்லை. அதனால் ஒரு பல் விழுந்தால் ஈறு நோயால்தான் விழுந்தது என்று கொள்ள முடிந்தது. ஆய்வுக்குழு 15 ஆண்டுகள் திரும்பத் திரும்ப அங்கே போனது. 1985இல் சோதிக்கக் கிடைத்தவர்கள் 161 பேர். மலையகத்துக்கு அவை அமைதியான ஆண்டுகளும் அல்ல. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி குடும்பம் குடும்பமாக இந்தியாவுக்குக் கப்பலேறிய காலம் அது, 1983இன் கலவரமும் அதற்குள் வந்துபோனது.

1986இல் வெளியான முடிவு பல் மருத்துவப் பாடப் புத்தகங்களை மாற்றியது. ஒரே மாதிரி அழுக்கு, ஒரே மாதிரி வீக்கம், ஆனால் மூன்று விதமான கதி. 8 சதவீதத்தினருக்கு நோய் வேகமாகப் பாய்ந்தது. இருபதை ஒட்டிய வயதிலேயே பல் விழத் தொடங்கி, 35 வயதில் 12 பற்கள், 40இல் 20 பற்கள், 45இல் வாயில் ஒன்றும் மிச்சமில்லை. 81 சதவீதத்தினருக்கு மெதுவாக நகர்ந்து, 45 வயதுக்குள் ஏறக்குறைய 7 பற்களைப் பறித்தது. மீதி 11 சதவீதத்தினருக்கு ஈறு வீக்கத்தோடு நின்றுவிட்டது. அவர்களிடம் பல் இழப்பு அநேகமாக இல்லை.

"எங்க தாத்தா தொண்ணூறு வயசு வரைக்கும் பிரஷ்ஷைத் தொட்டதில்லை, முறுக்குக் கடிச்சார்" என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. தாத்தா அந்த 11 சதவீதத்தினரில் ஒருவர். பேரன் எந்தக் கூட்டத்தில் இருக்கிறான் என்பதை முகத்தைப் பார்த்தோ பல்லின் வெள்ளையைப் பார்த்தோ யாராலும் சொல்ல முடியாது. படலம் இல்லாமல் நோய் இல்லை. ஆனால் படலத்துக்கு உடல் எப்படிப் பதில் சொல்கிறது என்பதுதான் நோயின் வேகத்தைத் தீர்மானிக்கிறது. மரபு, சர்க்கரை, புகை எல்லாம் அந்தப் பதிலை மாற்றுகின்றன. இன்று உலகெங்கும் ஈறு நோயை எவ்வளவு தூரம் போயிருக்கிறது, எவ்வளவு வேகமாகப் போகிறது என்று இரண்டு அளவுகோல்களில் வகைப்படுத்துகிறார்கள். அந்த இரண்டாவது அளவுகோலுக்குப் பின்னால் டன்சினன் தோட்டத்து ஆட்கள் நிற்கிறார்கள். பதினைந்து ஆண்டுகள் வாயைத் திறந்து காட்டினார்கள். நோய் இயல்பாக எப்படி ஓடும் என்பதை அவர்களிடம் பார்க்க முடிந்ததே, அதைத் தடுக்க எதுவும் அவர்களை எட்டியிருக்கவில்லை என்பதால்தான். அப்படி ஒரு ஆய்வுக்கு இன்று எந்த நெறிமுறைக் குழுவும் எளிதில் அனுமதி தராது. நான் தினமும் பயன்படுத்தும் அறிவு அவர்களுக்குப் பட்ட கடன் என்றே நினைக்கிறேன்.

வேகத்தைக் கண்ணால் பார்க்க முடியாது என்பதால் அளக்க வேண்டியிருக்கிறது. எங்கள் தொழிலின் பாதி இந்த அளத்தல்.

பல்லைச் சுத்தம் செய்து, நோய் வராமல் தடுப்பதற்கென்றே தனியாக ஒரு ஆளைப் பழக்கலாம் என்ற எண்ணத்தைச் செயலாக்கிய முன்னோடி அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட் நகரப் பல் மருத்துவர் ஆல்ஃபிரட் ஃபோன்ஸ். 1906இல் தன் உதவியாளர் ஐரீன் நியூமனுக்கு அந்த வேலையைக் கற்றுக்கொடுத்தார். 1913இல் அதற்கென ஒரு பள்ளியே தொடங்கினார். நம் வட்டாரத்தில் 1949இல் பினாங்கில் பல் தாதியர் பயிற்சிப் பள்ளி வந்தது. இன்று சிங்கப்பூரில் ஆங் மோ கியோவில் இருக்கும் நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரியில் வாய்நலச் சிகிச்சையாளர்களுக்கான பட்டயப் படிப்பு நடக்கிறது.

பயிற்சியின் தொடக்கத்தில் நோயாளி கிடையாது. நாற்காலியில் பொருத்திய பொம்மைத் தலை, அதற்குள் பிளாஸ்டிக் பற்கள். முதல் கருவி புரோப். மி.மீ. கோடுகள் போட்ட மெல்லிய கம்பி. உலகச் சுகாதார நிறுவனம் வடிவமைத்ததில் நுனியில் அரை மி.மீ. அளவுக்கு ஒரு குமிழும், 3.5 முதல் 5.5 மி.மீ. வரை ஒரு கறுப்புப் பட்டையும் இருக்கும். பட்டை முழுதாகத் தெரிந்தால் நிம்மதி, பாதி மறைந்தால் கவனம், முழுதாக மறைந்தால் பை ஆழம். இதை ஈற்றுக்குள் நுழைக்கும் அழுத்தம் 25 கிராம் அளவில் இருக்க வேண்டும். அது எவ்வளவு என்று சொல்லித் தெரியாது. சமையலறைத் தராசின் மேல் கம்பியை அழுத்தி அழுத்தி, எண் 25ஐத் தாண்டாமல் நிற்கும் வரை பழகச் சொல்வோம். அதிகம் அழுத்தினால் நல்ல ஈறும் கிழிந்து ரத்தம் வரும், இல்லாத நோயை எழுதிவிடுவோம். குறைத்து அழுத்தினால் பையின் அடி தட்டாமல் இருக்கும் நோயைத் தவறவிடுவோம்.

ஒரு பல்லுக்கு ஆறு இடம். 28 பல் என்றால் 168 எண்கள். ஒருவர் அளந்து சொல்ல, ஒருவர் எழுதுவார். "த்ரீ, டூ, த்ரீ... த்ரீ, டூ, ஃபோர்..." நாற்காலியில் சாய்ந்திருப்பவர்கள் முதலில் அதைக் கவனிப்பதில்லை. கொஞ்ச நேரத்தில் பெரிய எண் வரும்போதெல்லாம் நெற்றி சுருங்கும். "சிக்ஸ்" என்றதும் கையை உயர்த்தி "என்னது சிக்ஸ்?" என்று கேட்ட ஒரு பாட்டியை மறக்க முடியாது. அந்தக் கேள்வியிலிருந்துதான் அவருடைய சிகிச்சை தொடங்கியது என்பேன்.

ஈற்றுக்குள் பல்லில் இறுகிய காரையைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். படலத்தில் எச்சிலின் சுண்ணாம்புச் சத்து படிந்து சில நாட்களிலேயே கெட்டியாகத் தொடங்குகிறது, அதுதான் காரை. எச்சில் சுரக்கும் வாய்களுக்கு எதிரே, கீழ் முன்பற்களின் உட்பக்கமும் மேல் கடைவாய்ப் பற்களின் வெளிப்பக்கமும் அது அதிகம் படிகிறது. மேலே இருப்பது கண்ணுக்குத் தெரியும். ஈற்றுக்கு அடியில் இருப்பதை விரல்தான் சொல்ல வேண்டும். கருவியைப் பேனா போலப் பிடித்து, மோதிர விரலை ஒரு பல்லின் மேல் ஊன்றி, கம்பியை வேரின் மேல் மெல்ல இழுத்தால், வழவழப்பான இடத்தில் வழுக்கும். காரை இருந்தால் சரளைக் கல் மேல் சைக்கிள் போவது போல விரல் நுனியில் ஒரு அதிர்வு. மாணவிகள் கருவியை இறுக்கிப் பிடிப்பார்கள். பயம். இறுக்கினால் அதிர்வு கைக்கு வராது. பிடியைத் தளர்த்தச் சொல்லிச் சொல்லியே எனக்குப் பல பருவங்கள் போயிருக்கின்றன.

சுரண்டும் கியூரெட்டுக்கும் ஒரு கணக்கு உண்டு. கத்தியின் முகம் வேரோடு 70 முதல் 80 பாகை சாய்ந்து நிற்க வேண்டும். சாய்வு போதாவிட்டால் காரையின் மேல்பரப்பைத் தேய்த்து மெழுகிவிட்டு அடியை விட்டுவிடும். 90ஐத் தாண்டினால் ஈற்றைக் கீறும். மின்சாரத்தில் அதிரும் அல்ட்ராசோனிக் கருவி வேலையைச் சுலபமாக்குகிறது, ஆனால் விரலின் காதை அது மழுங்கடிக்கிறது என்பது என் எண்ணம். அதனால் கைக்கருவியை முதலில் கற்பிப்பதே நல்லது என்று இன்னும் வாதாடுகிறேன்.

அளப்பதற்கு முன்பு கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன. மருந்துப் பையைக் கொண்டுவரச் சொல்வோம். ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின், வலிப்புக்கான ஃபெனிடாயின் போன்றவை சிலருக்கு ஈற்றை வளரச் செய்யும். கர்ப்பிணியா என்று கேட்போம், அந்த மாதங்களில் ஹார்மோன் மாற்றத்தால் ஈறு படலத்துக்கு மிகையாகப் பொங்கும். எல்லாவற்றுக்கும் முன்பாகச் சர்க்கரை.

சிங்கப்பூரில் 2010ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 11.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 17.2 சதவீதம். 2016இல் சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிரான போர் என்றே அறிவித்தது. கண்ணைச் சோதிக்கிறோம், பாதத்தைச் சோதிக்கிறோம். ஈற்றை ஏன் மறக்கிறோம் என்பதுதான் என் ஆதங்கம். ரத்தத்தில் சர்க்கரை கட்டுப்பாடின்றி இருந்தால் அழற்சி தணிவதில்லை, புண் ஆறுவது தாமதமாகிறது, எலும்பு வேகமாகக் கரைகிறது. மறுபுறம், ஈற்றின் ஓயாத அழற்சி இன்சுலினின் வேலையைக் கெடுக்கிறது. ஈறு நோய்க்கு முறையாகச் சிகிச்சை செய்தால் மூன்று நான்கு மாதத்தில் கடந்த சில மாதச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவு சராசரியாக 0.4 சதவீதப் புள்ளி இறங்குவதைப் பல ஆய்வுகளின் தொகுப்பு காட்டியிருக்கிறது. மருந்தை மாற்றாமலே கிடைக்கும் இறக்கம் அது.

புகை பிடிப்பவர்களிடம் ஒரு ஏமாற்று இருக்கிறது. புகை ஈற்றின் ரத்தக் கசிவைக் குறைத்துவிடுகிறது. நோய் முற்றியும் ஈறு வெளிறி, இறுகி, நல்லதுபோல் இருக்கும். ரத்தம் என்ற ஒரே எச்சரிக்கையும் அவர்களுக்குக் கிடைப்பதில்லை. புகையை விட்ட சில வாரங்களில் ரத்தம் வரத் தொடங்கும், விட்டது தப்போ என்று பயந்து ஓடி வருவார்கள். வெற்றிலை பாக்கு வேறு கதை. மெல்லும் புகையிலையை 2016இலேயே இங்கே தடை செய்துவிட்டார்கள். ஆனால் புகையிலை கலக்காத பாக்கே வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள்.

குழாய் நீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1950களின் பிற்பகுதியிலிருந்து சிங்கப்பூரின் குடிநீரில் ஃபுளூரைடு சேர்க்கப்படுகிறது, பிள்ளைகளின் சொத்தை அதனால் குறைந்தது. ஃபுளூரைடு பல்லைக் கெட்டியாக்கும். கெட்டியான பல்லைத் தாங்கும் ஈற்றுக்கு அதனால் காவல் இல்லை.

சிகிச்சை என்றதும் என்னிடம் வரும் முதல் எதிர்ப்பு இதுதான்: "கிளீன் பண்ணினா பல் ஆடும். இடைவெளி விழும்." அனுபவத்தில் பார்த்துத்தான் சொல்கிறார்கள். காரை பற்களை ஒன்றோடொன்று ஒட்டி, கரைந்த எலும்பின் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. அதை எடுத்ததும் ஆட்டம் தெரிகிறது. வீங்கிய ஈறு வற்றியதும் இடைவெளி தெரிகிறது. இரண்டும் நோய் முன்பே செய்து வைத்த சேதம். முதல் நாளே இதைச் சொல்லாவிட்டால் அந்த நோயாளி திரும்பி வரமாட்டார். நானும் அப்படிச் சிலரை இழந்திருக்கிறேன்.

வேரைச் சுத்தம் செய்தபின் ஈறு வேரோடு மறுபடி ஒட்டத் தொடங்கும், பை ஒன்றிரண்டு மி.மீ. குறையும். கரைந்த எலும்பு பெரும்பாலும் வளர்ந்து வருவதில்லை, கரைவது நிற்கும். இரண்டு மூன்று மாதம் கழித்து 168 எண்களையும் மறுபடி அளப்போம். அப்போதும் ஆழமாக நிற்கும் பைகள் ஈறு நோய் நிபுணரிடம் போகும், சிலருக்கு அறுவைச் சிகிச்சை தேவைப்படும். அதற்குப் பிறகும் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை வர வேண்டும், ஏனென்றால் அந்தக் கிருமிகள் சில வாரங்களில் பைக்குள் திரும்பக் குடியேறுகின்றன. சமூகச் சுகாதார உதவித் திட்ட அட்டை வைத்திருக்கும் குடிமக்களில் பலருக்குச் செலவில் ஒரு பங்கு குறைகிறது. அறந்தாங்கித் தம்பிக்கு அந்த அட்டை கிடையாது. அவரைப் போன்றவர்களுக்கு ஹெல்த்சர்வ் போன்ற தொண்டு அமைப்புகளின் நாற்காலிகள்தான் இருக்கின்றன. நகரத்தைக் கட்டுகிறவர்களுக்கு இது போதாது என்று நான் திடமாக நம்புகிறேன்.

"வாய் கொப்பளிக்கிற மருந்து போதாதா?" என்பார்கள். பாக்டீரியாக்களை முதலில் கண்ட டச்சுக்காரர் லேவன்ஹூக் 1683இலேயே இதற்குப் பதில் கண்டார். தன் பல் அழுக்கைச் சுரண்டி வினிகரில் கலந்தபோது அதிலிருந்த உயிர்கள் செத்தன. வினிகரால் வாய் கொப்பளித்தபோதோ, பல்லோடு ஒட்டிய அழுக்குக்குள் இருந்தவை பிழைத்துக்கொண்டன. படலத்தின் பசை அவற்றைக் காத்தது. அதனால்தான் படலத்தைக் கையால் கலைக்க வேண்டியிருக்கிறது. ஆலங்குச்சியும் வேப்பங்குச்சியும் முன்பல்லின் வெளிப்பக்கத்தை நன்றாகவே தேய்க்கும். கடைவாய்ப் பற்களுக்கு நடுவே அவை போகா. பெரும்பாலான ஈறு நோய் தொடங்குவது அந்த இடுக்கில்தான். அதற்குப் பல்லிடுக்கு பிரஷ் இருக்கிறது. இடுக்கில் இறுக்கமாக, ஆனால் வலுக்கட்டாயம் இல்லாமல் நுழையும் அளவைப் பார்த்து வாங்க வேண்டும். ஒரே வாயில் இரண்டு மூன்று அளவுகள் தேவைப்படலாம்.

தம்பியின் வாய்க்கு வருகிறேன். பற்களில் சாயம் தடவிக் கண்ணாடியைக் கொடுத்தேன். அவர் தேய்க்காமல் விட்ட வலப்பக்கம் முழுக்க அடர் சிவப்பு. பிரஷ்ஷை ஈற்று விளிம்பில் 45 பாகை சாய்த்து, சிறிதாக அசைக்கச் சொன்னேன். நியூ ஆர்லியன்ஸ் மருத்துவர் சார்லஸ் பாஸ் வகுத்த முறை அது. நாலு அசைவுக்குள் நுரை சிவந்தது. கையை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"நிறுத்தாதீங்க தம்பி. ரத்தம் வர்ற இடத்துலதான் இன்னும் கொஞ்ச நேரம்."

பத்து நாள் கழித்துத் தங்குவிடுதியிலிருந்து ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தார். பின்னணியில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம். "அக்கா, ரெண்டு நாளா ரத்தமே இல்ல. ஆனா பின்னாடி அந்தப் பல்லு இன்னும் ஆடத்தான் செய்யுது." அந்தப் பல்லில் நான் அளந்தது 7 மி.மீ. அது பிரஷ் எட்டும் ஆழமல்ல. அடுத்த ஞாயிறு மூன்று மணிக்கு வரச் சொல்லிப் பதில் அனுப்பினேன்.